சமம் என்ற பொத்தான்

சேரன்மகாதேவியில் மூடிப்போன பிரவுசிங் சென்டரை
எடைக்கு எடுத்துவந்தார் மகிஷாவின் அப்பா.
லோடு ஆட்டோ நிறைய மானிட்டர், கீபோர்டு,
வால் நீண்ட மவுசுகள்,
யாரோ எப்போதோ ரிசல்ட் பார்த்துத் துள்ளிய
நாற்காலியின் ஒரு கை.
பேட்டைக் கடைக்குப் போகும் வழியில்
ஒரு கூடை மட்டும் முக்கூடலில் இறங்கியது,
எங்கள் வீட்டில், மழையோடு.

நான் பீடி சுற்றுகிறவள்.
வீட்டில் ஆயிரம் என்றால்
கம்பெனிக் கடையில் தொள்ளாயிரத்து எழுபது.
எண்ணும்போது அந்த மனிதர் விரலை எங்கே மடக்குகிறார்,
பதினாறு வருஷமாகப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.
சோறு போடும்போது பேச்சுவாக்கில் சொன்னேன், அவ்வளவுதான்.
எட்டாம் வகுப்பு, கூடையைப் பார்த்தது.
அவுக ஸ்குரூடிரைவரைத் தேட எழுந்தார்கள்,
பாதிச் சோற்றில்.

உருண்டை வைத்த பழைய மவுசுக்குள்
வெளியே தெரியாத வெளிச்சம் விடும் ஒரு மணி,
எதிரே அதையே பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு மணி.
நடுவில் ஏதாவது கடந்தால் அதற்குத் தெரிந்துவிடும்.
கூடவே ஒரு கால்குலேட்டர், எட்டு மட்டும் அமுங்காதது.
"ஒண்ணைக் கூட்டிட்டு சமத்தை அமுக்கிட்டே இரும்மா,
ஒண்ணொண்ணா ஏறும்."
"யாரு சொன்னா?"
"கணக்கு டீச்சர் லீவு போட்ட அன்னைக்கு வெளையாடுனது."

சமம் பொத்தானின் அடியிலிருந்து இரண்டு ஒயர் வரவேண்டும்.
ஈயம் ஒட்டவில்லை.
அவுகளுக்குக் கை நடுக்கம், அவளுக்கு அவசரம்.
இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லி
பற்றவைப்பானைப் பிடுங்கிப் பிடுங்கி,
மூன்றாம் தடவையும் விட்டுப்போனபோது
"கொண்டா இங்கே" என்று வாங்கி
பீடி நூலால் கட்டினேன்.
அந்த முடிச்சு இன்னும் இருக்கிறது.

நெடுக்கே பிளந்த பிளாஸ்டிக் குழாய்ச் சரிவில்
ஒவ்வொன்றாக உருண்டன.
ஒரு பீடிக்கு ஒரு சமம்.
முதல் ராத்திரி ஆயிரத்துப் பதினொன்று.
பதினொன்றும் ஈசல்.
டியூப்லைட்டுக்கு வந்தவை வழியில் கணக்கில் சேர்ந்துவிட்டன.
மகிஷாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.
இருமல் மருந்து மூடியை வெட்டி
கண்ணுக்கு மறைப்பு வைத்தார்கள் அப்பாவும் மகளும்.

மறுநாள் கரண்டு போனது.
வெளிச்சம் தின்று ஓடுகிற கால்குலேட்டர்,
எண் அப்படியே கரைந்துபோயிற்று.
இருட்டில் அவள் "அய்யோ" என்றாள்.
"அறுநூத்திப் பன்னெண்டு" என்றேன் நான்.
கரண்டு வந்ததும்
ஒன்றும் பேசாமல் அதைத் தட்டி ஏற்றிவிட்டு
அடுத்ததை உருட்டினாள்.

சனிக்கிழமை குழாயோடு கடைக்குப் போனோம்.
"என்னம்மா இது, குண்டா?" என்றார்.
வரிசையில் நின்றவர்கள் சிரிக்க, உருட்டினோம்.
ஆயிரம். சிரிப்பு நின்றது.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"எண்ணிக்கை சரிதான். ஆனா முப்பது பீடிக்கு மடிப்பு சரியில்லை"
என்று அள்ளி மேசை டிராயருக்குள் போட்டார்.
அதே முப்பது.
மகிஷா குழாயைத் தூக்கி
டிராயர் விளிம்பில் சாய்த்து வைத்தாள்:
"உள்ளே இருக்கறதையும் விடுங்க மாமா,
எவ்வளவுன்னு பாப்போம்."
டிராயர் மூடிக்கொண்டது. கொஞ்சம் தக்கித்தான் மூடியது,
நிறைய இருந்ததால்.

வெளியே வந்ததும் கோமு அக்கா கையைப் பிடித்தாள்.
"ஏட்டி, எனக்கொண்ணு செஞ்சு தருவியா?"
அவள் பின்னால் இன்னும் நாலு பேர்.

ராத்திரி கூடையைக் கவிழ்த்துத் துழாவுகிறாள்.
ஒரு வெப் கேமரா, லென்ஸில் பூஞ்சை.
"மடிப்புக்கு ஒரு கண்ணு வேணும்லா" என்கிறாள்.
அவுக அதை வாங்கி லுங்கி நுனியில் துடைக்கிறார்கள்.
"பேட்டைக்காரன் நாளைக்கு வந்து
கூடை எங்கன்னு கேப்பானே, என்ன சொல்ல?"
நான் இலையை நறுக்கிக்கொண்டே சொன்னேன்:
"ஈசல் தின்னுட்டுன்னு சொல்லுங்க."